உருக்கச் சான்றிதழ்

காரைக்குடி செக்காலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த வளனிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. பாட்டு ஓடும்போது மற்றவர்கள் பாடுகிறவரைக் கேட்பார்கள். இவன் பாடுகிறவர் நிற்கிற அறையைக் கேட்பான். "இந்த அம்மா சுவத்தப் பாத்து நின்னு பாடுது", "இவுகளுக்குப் பின்னால ஒரு கதவு தெறந்து கெடக்கு" என்பான். ரிப்பேருக்கு வந்தவர்கள், "எனக்குச் செய்தி கேட்டாப் போதும்ப்பா" என்பார்கள். மனைவி யூஜினியா மட்டும், "இப்ப எந்த அறைங்க?" என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பதிலுக்காக அவள் நின்றதில்லை.

நெற்குப்பைப் பெரிய வீட்டுக்காரர்கள் பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஸ்பூல் டேப் ரிக்கார்டர் ஒன்று பழுதாகி அவனிடம் வந்தது. சரிபண்ணி முடித்தபோது அவர்கள் மறுபடி பினாங்குக்குப் போயிருந்தார்கள். "நீயே வச்சுக்க" என்று கடிதம் வந்தது. அது 1974. அதற்குப் பிறகு வளன் கோயில் மணி, மழை, அரிசி ஆலை என்று எதையாவது பிடித்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆத்தங்குடி கல் பட்டறையிலிருந்து அழகி என்ற பெண் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தரையில் பதிக்கிற பூக்கல்லுக்கு அச்சில் வண்ணம் ஊற்றுகிற வேலை. நகக்கண்ணில் எப்போதும் பச்சையோ சிவப்போ இருக்கும். அவன் அதைச் சரிபண்ணும்வரை பெஞ்சில் உட்கார்ந்தவள், கேட்க ஆள் இருப்பதை மறந்து, தனக்குள்ளேயே நாலு வரி முனகினாள்.

*மத்தியானம் வந்த சேதி*
*அந்தியில சொன்னாக*
*நான் போயிச் சேருமுன்னே*
*நாலு பேரு தூக்கியாச்சு*

வளன் கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை வைத்துவிட்டான். "இது யாரு பாட்டு தாயி?"

"பாட்டா? அப்பிடியெல்லாம் இல்லண்ணே. நடந்தது."

நடந்தது இதுதான். சித்திரையில் நாட்டரசன்கோட்டையில் அவள் அப்பா செத்துப்போனார். தம்பி அரசப்பன் சைக்கிளில் ஆள் அனுப்பினான். சேதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது. ஊற்றின கல் காய்வதற்குள் வேலை நிற்கக் கூடாது என்று மேஸ்திரி அதை மடியில் கட்டிக்கொண்டு, சாயங்காலம் அவள் கை கழுவப் போகும்போது சொன்னார். அவள் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். சேதி கிடைத்தும் சாவகாசமாக வந்தவள் என்று தெரு முழுக்கப் பேச்சு. தம்பி முகம் கொடுக்கவில்லை. ஆறு மாதமாக அம்மாவும் பேசவில்லை.

"நான் சொன்னாக் கேக்க யாரும் நிக்க மாட்டேங்குறாகண்ணே. அங்க பஞ்சாயத்து ரேடியோ இருக்கு. சாயந்தரம் பாட்டுப் போட்டா தெருவே கேக்கும். எங்க வீட்டுக்கு நேர் எதிர்ல தான் ரேடியோக் கொழாய் கட்டியிருக்கு. அதுல வந்தா எந்திரிச்சா போவாக?"

வளனுக்கு அது பிடிபட்டுவிட்டது. இந்தக் குரலை எந்த அறையில் நிற்க வைப்பது என்று மூன்று நாள் யோசித்தான். நெற்குப்பைப் பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. காவலுக்கு இருந்த பெத்தனிடம் கேட்டான். "பாடத்தானே? தூக்கிட்டா போகப் போறீக" என்று பெத்தன் திறந்துவிட்டான்.

உள்ளே வளவு என்கிற நடுமுற்றத்தில் ஒரு தும்மல் போட்டால் நாலு தும்மல் திரும்பி வந்தது. வளன் ஈரச் சாக்குகளைப் பாதித் தரைக்கு விரித்தான். பண்டசாலைக் கதவைத் திறந்து, அங்கே கவிழ்த்திருந்த பித்தளை அண்டாக்களை நிமிர்த்தி வைத்தான். அவள் பாடினால் அண்டாக்கள் அடிவயிற்றில் லேசாக ரீங்கரித்தன. மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடிக்காமல் பதினைந்தடி தள்ளி ஒரு தூணோரம் வைத்தான்.

"அங்குட்டு வச்சா என் குரலு கேக்குமாண்ணே?"

"கிட்ட வச்சா குரல் மட்டும் கேக்கும். நீ தனியா நிக்கிறது கேக்காது."

மழை வரட்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு வந்தது மழை. அழகி பாடினாள். மூன்றாவது வரியில் "சேருமுன்னே" என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. நாலு எண்ணுகிற நேரம் மழையும் அண்டாவும் மட்டும். பிறகு மூச்சை இழுத்து, உடைந்த குரலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு நாலாவது வரிக்குப் போனாள். வளனுக்கு அந்த நாலு எண்ணிக்கைதான் பாட்டு. மற்றதெல்லாம் அதற்குப் போகிற வழியும் வருகிற வழியும்.

"இன்னொரு தடவ பாடச் சொல்லாதீகண்ணே. இனிமே வராது."

"வேண்டாம் தாயி. எல்லாம் மெஷின்ல இருக்கு."

வானொலிக்கு எழுதிப் போட்டான். பதில் வந்தது: வெளியார் அனுப்பும் ஒலிநாடாக்களைப் பதிவு பெற்ற இசை அமைப்பு ஒன்றின் பரிந்துரையுடன் மட்டுமே பரிசீலிக்க இயலும்.

காரைக்குடியிலேயே அப்படி ஒன்று இருந்தது. துணிக்கடைக்கு மேல் மாடியில், மெல்லிசை ரசனைப் பேரவை. தலைவர் சத்தியமூர்த்தி முப்பத்தொரு வருஷம் சார்பதிவாளராக ஊர் ஊராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் அழகப்பன், அந்த அலுவலகங்களில் பத்திரம் எழுதியவர். மக்கள் தாறுமாறாகப் பாட்டை ரசித்துக்கொண்டிருக்கிறார்கள், அதை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பேரவையின் நோக்கம். விதிப்படி, பாட்டு நடக்கும்போது முதலில் தலைவர் தலையை ஆட்டுவார். அடுத்து செயலாளர். பிறகு சேர்ந்த தேதி வரிசையில் உறுப்பினர்கள். தலைவர் ஆட்டாத பாட்டுக்கு ஆட்டிய ஒருவரை முந்தின வருஷம் நீக்கியிருந்தார்கள்.

"என்ன ரகப் பாட்டு?" என்றார் தலைவர்.

"உருக்கமான பாட்டுங்கய்யா."

"உருக்கம் என்று நீர் எப்படிச் சொல்லலாம்? அதைச் சொல்லத்தான் பேரவை இருக்கிறது."

வளன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மெஷினை ஓடவிட்டான். மழை ஆரம்பித்தது. அழகி மூச்சை இழுத்து "மத்தி" என்றாள். தலைவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்தும். மூச்சுச் சத்தம் கேட்கிறது."

"ஆளு பாடுறாகய்யா. மூச்சு வரத்தான் செய்யும்."

"மூச்சு பாட்டின் பகுதியா, அதற்கு வெளியே உள்ளதா? எல்லை தெரிய வேண்டும். எழுதிக்கொள்ளும், அழகப்பன்."

அன்றைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. மனுவை மூன்று பிரதியில் தரச் சொன்னார்கள். பத்து நாளில் பதிவுத் தபாலில் பதினான்கு ஆட்சேபணைகள் வந்தன. இந்த மெட்டின் மீது வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்பதற்குப் பதின்மூன்று வருஷத்துக்கு வில்லங்கம் பார்த்துத் தரவும். பின்னணியில் மழை பெய்வதாகத் தெரிகிறது, அது பாட்டுக்காகப் பெய்ததா, பொதுவாகப் பெய்ததா என்று விளக்கவும். குரல் பாடகியுடையது எனினும் எதிரொலி கட்டடத்தைச் சேர்ந்தது, எனவே கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் இணைக்கவும்.

வளன் பினாங்குக்கு எழுதினான். பெரிய வீட்டுக்காரர் மனுஷன் நல்லவர். "எதிரொலியை நீயே வச்சுக்க" என்று பதில் போட்டார். பேரவை அதை ஏற்கவில்லை. எதிரொலியைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது, கட்டடத்தோடு சேர்த்துத்தான் கொடுக்க முடியும் என்றார் தலைவர்.

இரண்டாவது மாதம் அழகியை நேரில் வரச் சொன்னார்கள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒலிநாடாவில் உள்ளது அவள் குரல்தான் என்று அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார் அழகப்பன்.

"நான் பேசுறது கேக்குதுல்லய்யா. அதே குரல்தான்."

"பேசும் குரல் பேரவையின் அதிகார வரம்புக்குள் வராது" என்றார் தலைவர். பிறகு படிவத்தைப் பார்த்தார். "பாடும்போது கண்ணீர் வந்ததா?"

"வந்துச்சு."

"எந்தக் கண்ணில் முதலில்?"

அழகி வளனைப் பார்த்தாள். வளன் தரையைப் பார்த்தான். தரையில் அவள் பட்டறைக் கல்தான் பதித்திருந்தது.

"ரெண்டுலயும் ஒரே நேரத்துல வந்துச்சுங்க."

"அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லையே" என்று அழகப்பன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். வலது என்று போட்டுக்கொண்டார்கள்.

படி இறங்கும்போது அழகி கேட்டாள். "அண்ணே, இவுக யாராவது பாட்ட முழுசாக் கேட்டாகளா?"

"இன்னும் இல்ல தாயி."

"எத்தன நேரம் ஓடும் அது?"

"மூணு நிமிஷம்."

வளனுக்குக் காது சூடானது. அந்த மாடிப்படியை அவன் அதுவரை ஒன்பது தடவை ஏறியிருந்தான்.

தை மாதம் எதிரொலியை நேரில் பார்வையிட ஒரு குழு கிளம்பியது. ஏழு பேர், ஒரு வேன், இரண்டு தூக்கு நிறையப் புளியோதரை. பெத்தன் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான். தலைவர் வளவின் நடுவில் நின்று, தம் பெயரைப் பட்டத்தோடும் முன்னாள் பதவியோடும் உரக்கச் சொன்னார். வீடு திருப்பிச் சொன்னது. முகம் மலர்ந்து மறுபடி சொன்னார். பிறகு ஒவ்வொரு உறுப்பினரும் சேர்ந்த தேதி வரிசையில் தத்தம் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் தலைவர் மட்டும் இன்னொரு முறை சொன்னார். அறிக்கையில், "எதிரொலி தலைவரின் பெயரை மூன்று முறையும் உறுப்பினர் பெயர்களை ஒரு முறையும் மரியாதையுடன் திருப்பிச் சொல்லிற்று. எதிரொலி நன்னடத்தை உடையது" என்று எழுதினார்கள்.

பெத்தன் வளனிடம் மெதுவாகக் கேட்டான். "அந்தப் பிள்ள பாடுன அன்னைக்கு இந்த வீடு வேற மாதிரியில்ல கேட்டுச்சு. இவுகளுக்கு அது வேணாமா?"

"கேப்பாக, கேப்பாக" என்றான் வளன். அவனுக்கே நம்பிக்கை இல்லை.

பங்குனியில் திடீரென்று எல்லாம் கனிந்தது. பேரவையின் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்த பாடகர் வர முடியாதென்று தந்தி கொடுத்துவிட்டார். நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம் காலி. "உங்கள் மனு சாதகமாகப் பரிசீலிக்கப்பட்டுள்ளது. விழாவில் ஒலிபரப்பி, அவையோர் உருகிய பின் சான்றிதழ் வழங்கப்படும். பாதுகாப்பு கருதி மெஷினையும் ஒலிநாடாவையும் பத்து நாள் முன்னதாக ஒப்படைக்கவும்."

வளனுக்கு ஒப்படைக்க மனம் இல்லை. வேறு பிரதி எடுக்க இன்னொரு மெஷின் வேண்டும், அது மதுரையில்தான் உண்டு. சான்றிதழ் கிடைத்தால் வானொலி, வானொலி கிடைத்தால் நாட்டரசன்கோட்டைத் தெரு என்று நினைத்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தான். ஒலிநாடாச் சுழலுக்கு மேல் அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும், எதை அழுத்தினால் பதியும் என்று அழகப்பன் கேட்டுக் குறித்துக்கொண்டார். பாதுகாப்புக்காகத்தான் என்று வளன் நினைத்தான்.

அழகி தம்பிக்கு ஒரு கார்டு எழுதினாள். சிவகங்கையில் தச்சு வேலை பார்க்கிற அரசப்பன் வர மாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கல்யாண மண்டபத்தின் கடைசித் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு அவன் நின்றான். அக்காளைப் பார்த்தான், பேசவில்லை. வந்திருக்கிறான் அல்லவா, அது போதும் என்று அழகி பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அவையோருக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். "இரண்டாம் நிமிடம்: தலை அசைத்தல். மூன்றாம் நிமிடம்: பெருமூச்சு. நான்காம் நிமிடம் முதல்: கைக்குட்டை. கைக்குட்டை இல்லாதோர் துண்டைப் பயன்படுத்தலாம்." வளன் படித்துவிட்டு, மூன்று நிமிஷப் பாட்டில் நாலாவது நிமிஷம் எங்கிருந்து வரும் என்று யோசித்தான்.

முத்திரையை உடைத்தார்கள். வளன் பொத்தானை அழுத்தினான்.

வந்தது ஆண் குரல்.

"பெரியோர்களே, தாய்மார்களே. உருக்கம் என்பது யாது?" நெற்குப்பை வளவின் எதிரொலியோடு, "யாது, யாது" என்று மண்டபம் முழுக்கச் சுழன்றது. "சாதாரண மனிதன் குரல் தழுதழுத்தால் அது உருக்கம் என்று எண்ணுகிறான். அது தொண்டைக் கோளாறு. உண்மையான உருக்கம் உரிய அலுவலரால் அங்கீகரிக்கப்படும் வரை உருக்கமாகாது..."

தலைவர், விழாவில் பேசப் போவதை அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்திருக்கிறார். அழகப்பன் மெஷினை எடுத்துப்போய்ப் பதிந்திருக்கிறார். வேறு டேப் கையில் இல்லாததால் பாட்டின் மேலேயே. திரும்ப அரக்கு வைத்திருக்கிறார்கள்.

வளன் நிறுத்தப் போனபோது அழகப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே இரண்டாம் நிமிஷத்தில் தலைகள் அசைந்தன, வரிசைப்படி. மூன்றாம் நிமிஷத்தில் மண்டபம் ஒரே ஆளாகப் பெருமூச்சு விட்டது. நாலாம் நிமிஷத்தில் துண்டுகள் கண்ணுக்குப் போயின. முன்வரிசையில் ஒருவருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. மேடையில் தலைவர் முதலில் கண்ணை மூடிக் கேட்டார். தன் குரல் என்று தெரிந்ததும் கண்ணைத் திறந்தார். பிறகு இன்னும் கவனமாக மூடிக்கொண்டார்.

இருபது நிமிஷத்தில், சுழல் முடிகிறவரை பேச்சே ஓடித் தீர்ந்ததும், எழுந்தார். "என்ன கனம். என்ன சூழல். அந்தக் குரலைச் சுற்றி ஒரு பெரிய வீடே நிற்பது போலிருந்தது. இத்தனை நாள் இந்தப் பேரவை பட்ட பாடு வீண் போகவில்லை. பாடகி அழகி அவர்களுக்கு முதல் தர உருக்கச் சான்றிதழ் வழங்கப்படுகிறது."

"அய்யா" என்றான் வளன். "அது நீங்க பேசுனது. பாட்டு இல்ல."

"ஒலிநாடாவில் இருப்பது பாட்டு என்று நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது" என்றார் அழகப்பன்.

"பாட்டு எங்கய்யா? அழிஞ்சிருச்சே. அது ஒரு தடவதான் பாடுனது."

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். அவர் குரலில் நிஜமான கனிவு இருந்தது. "ஏன் கலங்குகிறீர்? சான்றிதழ் பத்திரமாக இருக்கிறதே. பாட்டை யார் வேண்டுமானாலும் பாடிவிடலாம். சான்றிதழை நாங்கள்தான் கொடுக்க முடியும்."

வளன் திரும்பிப் பார்த்தான். கடைசித் தூணோரம் ஆள் இல்லை. பெண்கள் பக்கம் அழகியும் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். சிவகங்கை பஸ் நிற்கிற இடத்தில் அரசப்பன் நின்றான், எதிரே அழகி. வளன் ஒரு கடையோரம் ஒதுங்கினான்.

"இதுக்குத்தான் வரச் சொன்னியா" என்றான் தம்பி. "அப்பா சாவுக்கு வர நேரமில்ல, இதுக்கு நேரமிருக்கு."

"அது நான் இல்ல தம்பி. என் பாட்ட அழிச்சுட்டாக."

"என்ன பாட்டு?"

அவள் வாயைத் திறந்தாள். பாட்டாக வரவில்லை. "மத்தியானம் வந்த சேதிய மேஸ்திரி எனக்கு அந்தியிலதான்டா சொன்னாரு. கல்லு காயுமுன்ன வேல நிக்கக் கூடாதுன்னு மடியில கட்டி வச்சிருந்தாரு. நான் கையக்கூடக் கழுவல. செவப்பு சாயத்தோட ஓடியாந்தேன். நீ என் கையப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் போயிச் சேருமுன்னே..."

அதே இடத்தில் குரல் நின்றது. பஸ்கள் இரைந்தன, யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்றார்கள். வளன் தன்னை அறியாமல் எண்ணினான். நாலு தாண்டி, எட்டு தாண்டி, எண்ணுவதை விட்டுவிட்டான். அவள் நாலாவது வரிக்கு வரவே இல்லை.

அரசப்பன் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கலையேடா."

கண்டக்டர் விசில் ஊதினார். அரசப்பன் படியில் ஏறி, நின்று, திரும்பினான். "அம்மா நாலு மாசமா ஒரு வேளைதான் சாப்பிடுது. வந்து நீயே சொல்லு. ஏறுக்கா."

அழகி ஏறினாள். வளன் நிற்பதை அவள் பார்த்த மாதிரி தெரியவில்லை.

அவன் மண்டபத்துக்குத் திரும்பி வந்தான், மெஷினை எடுக்க. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அழகப்பன் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒலிநாடா இனிமேல் பேரவையின் ஆவணம், அதைத் தர முடியாது, மெஷினை மட்டும் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். வளன் கையெழுத்துப் போட்டான்.

"பாடகி சான்றிதழுக்கு ஒப்புதல் போடவில்லையே. எங்கே அவர்?"

"ஊருக்குப் போயிட்டாக."

"எதற்கு?"

"அந்தப் பாட்ட அவுக அம்மாகிட்டச் சொல்றதுக்கு."

அழகப்பன் பேனாவை மைக்கூட்டில் தொட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். ஒரு காலிப் பக்கம் கிடைத்தது.

"யாருடைய அனுமதியின் பேரில்?" என்றார்.